கேஜில் அழுத்தம் இருந்தது, லைனில் வரத்து இல்லை

மேட்டுப்பாளையத்தில் கார் பட்டறை வைத்திருப்பவர்களுக்குக் குன்னூர் மலைப்பாதைதான் உண்மையான சோதனைச் சாலை. ஊருக்குள் நாலு தெரு ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று நாம் அனுப்பி வைக்கும் வண்டி, கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் தன் கோளாறை மறைக்காமல் காட்டிவிடும். அப்படி ஒரு கார், நான் பார்த்துத் திருப்பி அனுப்பிய பத்தாம் நாளிலேயே மீண்டும் வந்து நின்றது. பெட்ரோல் என்ஜினில் எரிபொருள் அழுத்தத்தையும் வரத்தையும் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அந்தக் காரிடம்தான்.

அது 1,100 சிசி, நான்கு சிலிண்டர், 2009 மாடல் கார். டேங்குக்குள்ளேயே பம்பும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அமைந்த, மிச்சப் பெட்ரோலை என்ஜினிலிருந்து டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் இல்லாத வகை. உரிமையாளர் குன்னூரில் பணியாற்றும் பள்ளி ஆசிரியர். திங்கள் காலை மலையேறிச் சனிக்கிழமை இறங்குவது அவர் வழக்கம். சமதரையில் வண்டி பட்டுப்போல் ஓடுகிறது, ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முழுதாக மிதித்தால் ஜெர்க் அடிக்கிறது, பிக்கப் செத்துவிடுகிறது, காலை எடுத்துவிட்டுச் சிறிது பொறுத்து மிதித்தால் மறுபடி இழுக்கிறது என்பது அவருடைய புகார்.

எரிபொருள் குறைவாக இருக்குமோ என்ற ஐயம் எனக்கு முதல் நாளே எழுந்தது. பிரஷர் கேஜை மாட்டி, என்ஜினை ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தேன். அந்த வகைக்கு அழுத்தம் 3.5 பார் இருக்க வேண்டும், முள் 3.4-இல் அசையாமல் நின்றது. நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தபோது 3.2 வரை தொட்டுத் திரும்பியது. பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டி, கேஜைக் கழற்றி வைத்துவிட்டு இக்னிஷன் பக்கம் போனேன். நான்கு பிளக், ஒரு காயில் மாற்றினேன். த்ராட்டில் பாடியைக் கழுவினேன். ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடும் பதிவாகியிருக்கவில்லை. ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது வண்டி நன்றாகவே ஓடியது. அது முன்பும் ஊருக்குள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆசிரியர் வந்தார். கோபப்படும் மனிதர் அல்லர். “ஏனுங்கண்ணா, மறுபடியும் பர்லியாறுக்குக் கீழேயே திணறுதுங்க. ஆனா ஒண்ணுங்க, குன்னூர் கிட்டப் போகப் போகக் கொஞ்சம் சரியாயிடுது” என்றார். பர்லியாறு, கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே வரும் ஊர். மேலே குளிர்ச்சியாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது போலும் என்று நினைத்து, அந்தப் பேச்சின் பின்பாதியை நான் அப்போதைக்குப் பொருட்படுத்தவில்லை. கோளாறைக் கண்டுபிடித்த பிறகுதான், நோயை அவரே எனக்குச் சொல்லிவிட்டிருந்தார் என்பது விளங்கியது. வாடிக்கையாளர் எங்கே, எந்த வேகத்தில், எந்தக் கியரில், டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கும்போது என்று சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் இப்போது நான் வேலைச் சீட்டில் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

சோதனைக்குள் போகுமுன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. பெட்ரோல், பனி உறையும் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடும் பொருள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று பட்டறைப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஆகவே இந்த வேலையைப் பள்ளத்தின் மேல் வைத்து ஒருபோதும் செய்வதில்லை. வெட்டவெளியில், என்ஜின் ஆறிய பிறகு, பக்கத்தில் உலர் பவுடர் தீயணைப்பானை வைத்துக்கொண்டுதான் லைனைக் கழற்றுகிறேன். குண்டு பல்பு மாட்டிய கைவிளக்கு கூடவே கூடாது. கீழே விழுந்து பல்பு உடைந்தால் அந்த ஒரு நொடிச் சூடே போதும்.

லைனில் நிற்கும் அழுத்தத்தை முதலில் இறக்க வேண்டும். பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ உருவிவிட்டு என்ஜினை ஓட விட்டால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து தரும் ரெயில் என்னும் குழாயில் உள்ள பெட்ரோலைத் தின்று தானாகவே நின்றுவிடும். பிறகு இரண்டு முறை செல்ஃப் அடித்தால் மிச்சமும் இறங்கும். அதற்குப் பிறகும் இணைப்பின் மேல் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி அணிந்துதான் கிளிப்பை அமுக்க வேண்டும். தொழில் பழகிய காலத்தில் இதைச் செய்யாமல் லைனை இழுத்து, 3 பார் அழுத்தத்தில் வந்த பெட்ரோல் நேராக என் இடது கண்ணில் அடித்தது. கால் மணி நேரம் குழாயடியில் குனிந்து தண்ணீரைக் கண்ணில் விட்டபடி இருந்தேன். கண் தப்பியது. அன்று சைலன்சர் சூடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

நம் நாட்டுச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் ரெயிலில் கேஜ் மாட்டுவதற்கென்று தனி வால்வு இருப்பதில்லை. லைன் ரெயிலைச் சந்திக்கும் இடத்தில் கழற்றி, நடுவே டி வடிவ இணைப்பைச் செருகி அதில் கேஜை மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் லைன்களின் கிளிப் இணைப்புக்கு அளவு பொருந்தும் இணைப்பையே பயன்படுத்த வேண்டும். ரப்பர் ஹோஸை மேலே ஏற்றிக் கம்பியால் கட்டுவது பட்டறைகளில் நடக்கிறது. அதை நான் என் பையன்களுக்கு அறவே தடுத்திருக்கிறேன். கேஜ் 0 முதல் 7 பார் வரை காட்டும் கிளிசரின் நிரப்பிய கேஜாக இருந்தால் முள் உதறாமல் நிற்கும். சில கேஜ்களில் பிஎஸ்ஐ மட்டுமே இருக்கும், 14.5 பிஎஸ்ஐ ஒரு பார் என்று நினைவில் கொண்டால் போதும்.

எவ்வளவு அழுத்தம் சரி என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்கல் பம்ப் 0.2 முதல் 0.4 பாருக்குள் தள்ளினால் போதுமானதாக இருந்தது. ரெயிலிலேயே ரெகுலேட்டரும் ரிட்டர்ன் லைனும் உள்ள பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஐட்லிங்கில் 2.5 பார் அளவும், ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸை (மேனிஃபோல்டின், அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் குழாயின், உறிஞ்சலைக் கொண்டுவரும் ஹோஸை) பிடுங்கினால் 3 பார் அளவும் காட்டும். இந்த அரை பார் ஏற்றம் வரவில்லையென்றால் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை, அல்லது ஹோஸில் வேக்கம் வரவில்லை என்று பொருள். ஆசிரியரின் காரைப் போன்ற ரிட்டர்ன் இல்லாத வகையில் அழுத்தம் எப்போதும் ஒரே அளவாக நிற்கும். மேனிஃபோல்ட் வேக்கத்துக்கான திருத்தத்தை என்ஜினின் கணினியான ஈசியு தானே இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தில் செய்துகொள்ளும். சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய என்ஜின்களில், டேங்கிலிருந்து வரும் தாழ்வழுத்த லைனை மட்டுமே இப்படிச் சோதிக்கலாம். அவற்றின் உயரழுத்தப் பக்கம் 100, 200 பார் வரை போகும். அந்த அழுத்தத்தில் ஒரு ஊசித்துளைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதை ஸ்கேனர் காட்டும் எண்ணைக் கொண்டுதான் படிக்க வேண்டும், ஸ்பானரைக் கொண்டு அல்ல.

இரண்டாம் முறை கேஜை மாட்டியபோதும் ஆசிரியரின் கார் ஐட்லிங்கில் அதே 3.4-ஐத்தான் காட்டியது. இம்முறை அவசரப்படவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு முள்ளை மட்டும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன், 3.1-இல் நின்றது. பம்பிலுள்ள, பெட்ரோலைத் திரும்பவிடாத தடுப்பு வால்வும் இன்ஜெக்டர்களும் ஒழுக்கின்றி இருக்கின்றன என்பதற்கு அது சான்று.

இந்தப் பத்து நிமிடப் பொறுமை எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு வேறொரு வண்டியைச் சொல்லலாம். காலையில் முதல் செல்ஃபில் கிளம்பாமல், நாலைந்து முறை அடித்த பிறகே கிளம்பும் ஒரு கார் வந்தது. ஓடும்போது அழுத்தம் சரியாக இருந்தது. நிறுத்திய இரண்டு நிமிடத்தில் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. இங்கே பெட்ரோல் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்பதே கேள்வி. பம்பை ஓட்டி அழுத்தத்தை ஏற்றி, நிறுத்திய கையோடு டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கிளாம்பால் நசுக்கினேன், முள் நின்றது. ஆகவே பெட்ரோல் பின்னோக்கி டேங்குக்கே இறங்குகிறது, பம்பின் தடுப்பு வால்வுதான் பழுது. நசுக்கிய பிறகும் முள் இறங்கியிருந்தால் இன்ஜெக்டரோ, ரிட்டர்ன் உள்ள வண்டியாயின் ரெகுலேட்டரோ ஒழுகுகிறது என்று கொள்ளலாம். ரப்பர் ஹோஸை மட்டுமே நசுக்கலாம். நைலான் லைனை நசுக்கினால் அது வெடிப்பு விட்டு, நாம் இல்லாத கோளாறை உண்டாக்கியவர்கள் ஆவோம். ரிட்டர்ன் உள்ள இன்னொரு பழைய காரில், ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைப் பிடுங்கியதும் அதன் வாயில் பெட்ரோல் சொட்டி நின்றது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்து, பெட்ரோல் நேராக மேனிஃபோல்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கறுப்புப் புகை, மைலேஜ் குறைவு என்று அந்த வண்டிக்கு அதற்குள் இரண்டு இன்ஜெக்டர் மாற்றியிருந்தார்கள்.

ஆசிரியரின் காருக்கு வருகிறேன். நின்ற வண்டியில் கோளாறு தெரியவில்லையென்றால், அது தெரியும் இடத்துக்குக் கேஜையே அழைத்துப் போவதைத் தவிர வழியில்லை. நீளமான, முனைகள் அமுக்கிப் பொருத்தப்பட்ட கேஜ் ஹோஸைப் பெல்ட்டிலும் சைலன்சரிலும் படாதபடி கட்டி, பானெட்டின் பின்விளிம்பு ரப்பர் வழியாக வெளியே எடுத்து, கேஜை முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் வைப்பரோடு சேர்த்து ஒட்டினேன். கேஜையோ ஹோஸையோ காருக்குள் கொண்டுவரவே கூடாது. ஆசிரியர் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து முள்ளையும் ஸ்கேனரையும் பார்த்துக்கொண்டு போனேன்.

கல்லாறு பாலம் வரை 3.4. முதல் கொண்டை ஊசி வளைவில் 3.3. அடுத்த நேர் ஏற்றத்தில் அவர் இரண்டாவது கியரில் முழுதாக மிதித்தார். முள் மெதுவாக, யாரோ கையால் இறக்குவதுபோல், 3.0, 2.8, 2.6 என்று இறங்கியது. 2.4-ஐத் தொட்டபோது வண்டி குலுங்கியது. காலை எடுத்ததும் இரண்டு மூச்சுக்குள் முள் 3.4-க்கு ஏறிவிட்டது. கொஞ்சம் குறைவாக மிதித்த இடங்களில் ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் என்னும் எரிபொருள் திருத்தம் கூட்டல் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றது. அதாவது பெட்ரோல் போதவில்லை என்று உணர்ந்து, ஈசியு இன்ஜெக்டர்களை ஐந்தில் ஒரு பங்கு அதிக நேரம் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. ட்ரிம் ஐட்லிங்கில் நிறையக் கூடி, வேகம் எடுக்க எடுக்கச் சமமானால் மேனிஃபோல்டில் காற்று ஒழுக்கு என்று பார்க்க வேண்டும். இங்கே ஐட்லிங்கில் சமமாகவும் பாரத்தில் கூடுதலாகவும் இருந்தது. பெட்ரோல் வரத்துக் குறைவின் அடையாளம் அது.

அழுத்தம் ஒரு பார் குறைந்தால் அவ்வளவு பாதிக்குமா என்று பயிற்சிப் பையன் கேட்டான். இன்ஜெக்டர் வழியே போகும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். 3.5 இருக்க வேண்டிய இடத்தில் 2.4 இருந்தால், அதே நேரம் திறந்த இன்ஜெக்டர் ஏறத்தாழ 17 சதவீதம் குறைவாகவே பீய்ச்சும். முழு மிதியில் இது கலவையை மெலியச் செய்து, வண்டியைத் திணற வைக்கப் போதும்.

அழுத்தம் என்பது வேறு, வரத்து என்பது வேறு என்பது இங்கேதான் எனக்கு உறைத்தது. வாசலில் தண்ணீர் விடும் ஹோஸில் வரத்து மிகக் குறைவாக இருந்தாலும், வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடித்தால் தண்ணீர் விரலை முட்டித் தள்ளும். ஐட்லிங்கில் என்ஜின் கேட்பது நிமிடத்துக்குச் சுமார் 15 மில்லி பெட்ரோல்தான். அது ஏறக்குறைய அடைத்துப் பிடித்த ஹோஸ். சாகக் கிடக்கும் பம்பும் அந்த நிலையில் முழு அழுத்தத்தைக் காட்டிவிடும். முழு மிதியில் எவ்வளவு வேண்டும் என்பதைப் பட்டறைக் கணக்காகவே போடலாம். பெட்ரோல் என்ஜின் ஒரு கிலோவாட் சக்தியை ஒரு மணி நேரம் தர, முழுப் பாரத்தில் ஏறத்தாழ 300 கிராம் எரிபொருள் தின்னும். ஆசிரியரின் என்ஜின் 46 கிலோவாட். ஆக மணிக்கு 13.8 கிலோ; லிட்டருக்கு 0.74 கிலோ என்று கொண்டால் 18.6 லிட்டர்; நிமிடத்துக்கு 310 மில்லி. இந்த அளவைப் பம்ப், அழுத்தம் குறையாமல், தாராளமான மிச்சத்தோடு தர வேண்டும்.

வரத்தை அளக்கப் பலர் லைனைக் கழற்றிக் கேனில் விட்டு, அரை நிமிடத்தில் அரை லிட்டர் வந்தால் பம்ப் நல்லது என்று சொல்லிவிடுகிறார்கள். பொது விதியாக அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் திறந்த வாயில் கொட்டும் பெட்ரோல் எந்த எதிர்ப்பையும் சந்திப்பதில்லை. தேய்ந்த பம்பும் அங்கே நன்றாகக் கொட்டும். ஆகவே நான் டி இணைப்புக்குப் பிறகு ஒரு ஊசி வால்வைச் சேர்த்திருக்கிறேன். பம்பை ஓடவிட்டு, கேஜ் 3.0 பாருக்கு இறங்கும் வரை வால்வை மெல்லத் திறந்து, அந்த நிலையில் 30 நொடியில் எவ்வளவு வருகிறது என்று அளக்கிறேன். அழுத்தமும் வரத்தும் ஒன்றாகக் கிடைப்பதால், இந்த ஒரு எண் வேறெந்தச் சோதனையைவிடவும் எனக்கு நம்பிக்கையானது.

பெட்ரோலைப் பிடிக்க மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் பாயும்போது நிலைமின்சாரம் சேரும். உலோகத் தூக்கில் ஒரு கம்பியை மாட்டி அதை வண்டியின் பாடியோடு இணைத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஹோஸின் நுனி தூக்கின் அடியைத் தொட்டபடி இருக்க வேண்டும். மேலிருந்து கொட்டவிடக் கூடாது. தண்ணீர் ஊற்றி அளந்து, ஐம்பது மில்லிக்கு ஒரு கோடாக உள்பக்கம் ஆணியால் கீறி வைத்திருக்கிறேன். சாவியைப் போட்டதும் ஈசியு பம்பை இரண்டு நொடி மட்டுமே ஓட்டி நிறுத்திவிடும் என்பதால், ரிலேயை எடுத்துவிட்டு, அது இருந்த சாக்கெட்டில் பம்புக்கு மின்சாரம் போகும் இரண்டு துளைகளை ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்துப் பம்பைத் தொடர்ந்து ஓட்ட வேண்டும். பேட்டரி இறங்காமல் இருக்கச் சார்ஜரை வைத்து 13.5 வோல்ட்டில் நிறுத்துகிறேன். லைனைக் கழற்றுவதற்கு முன்பே சார்ஜர் கிளிப்பை மாட்டிவிட்டு, தூக்கை மூடி அப்பால் எடுத்துச் சென்ற பிறகே கழற்றுகிறேன். அந்தக் கிளிப்பில் தெறிக்கும் பொறி பெட்ரோல் ஆவியைச் சந்திக்கவே கூடாது.

ஆசிரியரின் காரில் 3.0 பாரில் 30 நொடிக்கு 105 மில்லி வந்தது. நிமிடத்துக்கு 210. தேவை 310.

இந்த இரண்டு எண்களையும் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு நின்றபோதுதான், அவர் சொன்ன பின்பாதி நினைவுக்கு வந்தது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் இங்கிருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு அளவு குறைவு. என்ஜின் உறிஞ்சும் காற்று குறைந்தால் அதற்கு வேண்டிய பெட்ரோலும் அதே அளவு குறையும். 310 என்பது 260-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது; பற்றாக்குறை பாதியாகிவிடுகிறது. பர்லியாறுக்குக் கீழே திணறிய வண்டி குன்னூர் நெருங்கும்போது தேறியது அதனால்தான். இக்னிஷன் கோளாறாக இருந்திருந்தால் மலையின் மேற்பாதியில் தேற அதற்குக் காரணமே இல்லை.

புதிய பம்ப் வாங்கிப் போட்டுவிடலாம் என்று அந்த நிலையில் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பம்ப் என்பது ஒரு மோட்டார். அதற்கு வர வேண்டிய மின்சாரம் வருகிறதா என்று பார்க்காமல் அதைக் குற்றவாளியாக்குவது முறையன்று. பின் சீட்டைத் தூக்கி, பம்ப் மூடியின் மேலுள்ள கனெக்டரில், இணைப்பைப் பிரிக்காமல், பம்ப் ஓடும்போதே மல்டிமீட்டரின் ஊசியைப் பின்பக்கமாகச் செருகிப் பார்த்தேன். பேட்டரியில் 13.5, பம்பில் 10.6. ஏறக்குறைய 3 வோல்ட் வழியில் காணாமல் போயிருந்தது. பாசிட்டிவ் பக்கம் தேடியபோது 0.6 மட்டுமே இழப்பு. எர்த் பக்கம் 2.3 வோல்ட்.

எர்த் ஒயரைத் தொடர்ந்து போனபோது, அது சீட்டுக்கு அடியில் பாடியில் ஒரு போல்ட்டால் முறுக்கப்பட்டிருந்தது. போல்ட்டின் தலை பளபளப்பாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் வளையத்தின் அடிப்பக்கம் பச்சை பூத்து, அதற்குக் கீழே தகட்டில் தேங்காய்ப்பூவைப்போல் துரு உதிர்ந்தது. மழைக்காலத்தில் கதவு ரப்பர் வழியே தண்ணீர் இறங்கிய தடம் பக்கத்திலேயே இருந்தது. சோதனைக்காக அந்த இணைப்பின் மின்தடையை முன்பே அளந்திருந்தேன். அரை ஓம்தான் காட்டியது. அரை ஓம் என்றால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடத் தோன்றும். பம்ப் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும்போது அந்த அரை ஓமே 2.3 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆகவே பம்பின் ஒயரை ஓம் கணக்கில் பார்க்காமல், பம்ப் ஓடும்போது வோல்ட் கணக்கிலேயே பார்க்க வேண்டும்.

துருவைச் சுரண்டி, புதிய வளையம் வைத்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவியபின் பம்பில் 12.7 வோல்ட் வந்தது. மறுபடி தூக்கை வைத்து அளந்தேன். 30 நொடிக்கு 190 மில்லி, நிமிடத்துக்கு 380. தேவையைத் தாண்டிவிட்டது, இத்தோடு வண்டியைக் கொடுத்துவிடலாம். ஆனால் அதே மாடலில் நன்றாக ஓடும் வேறொரு காரில் இதே முறையில் அளந்து, நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: நிமிடத்துக்கு 640. பாதி வழியில் நின்றுவிட்டோம் என்று அந்த நோட்டு சொன்னது. நல்ல வண்டிகள் சர்வீசுக்கு வரும்போது, உரிமையாளரின் சம்மதத்தோடு அளந்து எழுதி வைப்பது அன்றிலிருந்து பட்டறையில் விடாத வழக்கமாயிற்று.

பம்ப் தொகுதியைக் கழற்றி வெளியே எடுத்தோம். அடியிலுள்ள சல்லடைத் துணி வெள்ளையாக இருக்க வேண்டியது, காப்பித்தூள் படிந்ததுபோல் மாறியிருந்தது. விரலால் தேய்த்தபோது மாவாக அப்பியது. ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகே பெட்ரோல் போடுவது தம் வழக்கம் என்று ஆசிரியர் சொன்னார். பம்பைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சியும் உயவும். டேங்க் எப்போதும் வற்றிக் கிடந்தால் பம்ப் சூட்டிலேயே வேலை செய்யும். ஏற்றத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் சரியும்போது காற்றையும் சேர்த்து இழுக்கும். கால் டேங்குக்குக் கீழே போகவிடாமல் இருப்பது, அதிலும் மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு, செலவில்லாத பாதுகாப்பு. புகார் கால் டேங்கில்தான் வருகிறது என்றால், சோதனையையும் கால் டேங்கிலேயே செய்ய வேண்டும். முழு டேங்க் வைத்துப் பார்த்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

சல்லடையை மாற்றி, டேங்கின் அடியைத் துடைத்து, மூடிக்குப் புதிய ரப்பர் வளையம் (ஓரிங்) போட்டு முடித்தபின் 30 நொடிக்கு 305 மில்லி வந்தது. நிமிடத்துக்கு 610. பம்ப் அதே பழைய பம்ப்தான்.

எல்லா இணைப்பையும் பழையபடி மாட்டியபின், என்ஜினைக் கிளப்புவதற்கு முன்பு, சாவியை மூன்று முறை போட்டு எடுத்து லைனில் அழுத்தத்தை ஏற்றினேன். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் வெள்ளை டிஷ்யூ தாளால் துடைத்துப் பார்த்தேன். ஈரம் பட்டால் தாளில் உடனே தெரியும், கண்ணால் பார்த்தால் தெரியாது. பின் சீட்டை அன்று போடவில்லை. கண்ணாடிகளை ஏற்றி இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பார்த்த பிறகே சீட்டைப் பொருத்தினேன். முதல் முறை தேவையின்றி மாற்றிய பிளக், காயிலுக்கான கூலியை ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தினேன். தவறாகக் கணித்ததற்கு அவர் பணம் கட்டுவது நியாயமில்லை.

கேஜை மறுபடி வைப்பரில் கட்டிக்கொண்டு அதே ஏற்றத்தில் போனோம். அதே நேர்ச்சாலையில், அதே இரண்டாவது கியரில் அவர் முழுதாக மிதித்தார். 3.4-இலிருந்து முள் ஒரு கோடு இறங்கி 3.3-இல் நின்றது. பர்லியாறு வரை அங்கேயே நின்றது. அங்கே ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து என்ஜின் ஆறும் வரை காத்திருந்தோம். பிறகு அழுத்தத்தை இறக்கிக் கேஜைக் கழற்றி, லைனை மாட்டி, மீண்டும் தாளால் துடைத்துப் பார்த்தேன். தாள் காய்ந்தே இருந்தது. மடியில் வைத்து நோட்டில் எழுதிக்கொண்டேன்: 1,100 சிசி, 2009, முழு மிதி, கல்லாறு ஏற்றம், 3.3 பார், 3.0 பாரில் 610 மில்லி, பம்பில் 12.7 வோல்ட்.

நான் பேருந்தில் கீழே இறங்கினேன். ஆசிரியர் அப்படியே குன்னூருக்குப் போனார்.